ஓராண்டு பெர்மிட்டில் தொடங்கியவர்களுக்கு

கனடாவில் வேரூன்றிவிட்ட தமிழ் உறவுகளுக்கு,



ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏதாவதொரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தால் வாசலோரம் ஓர் அறிவிப்புப் பலகை கண்ணில் படும். கோயில் தேர்த் திருவிழா, அந்தியேட்டி அழைப்பு, வருமான வரி நிரப்பித் தருகிறவரின் தொலைபேசி எண், இவற்றுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம்: ‘நிலக்கீழ் வாடகைக்கு. தனி வாசல். வை-ஃபை உண்டு. மாணவர் விரும்பத்தக்கது.’ ஒரு காலத்தில் அந்த இடத்தில் ‘சிறு குடும்பம் விரும்பத்தக்கது’ என்று இருந்தது. குடும்பம் போய் மாணவர் வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே குடும்பம் தருவதைவிட வாடகை கூடுதல். சத்தம் குறைவு. பாதி நாள் வேலையில்தான் இருப்பார்கள்.

அப்படி வந்து தங்கிய சென்னை, கோவை, திருச்சி, யாழ்ப்பாணப் பிள்ளைகளில் பலர் இப்போது மாணவர்கள் அல்ல. படிப்பு முடிந்துவிட்டது. கையில் பட்டமோ டிப்ளோமாவோ இருக்கிறது, வேலை இருக்கிறது, வரி கட்டுகிறார்கள். தீர்ந்துகொண்டு வருவது பெர்மிட்டின் காலம்.

இந்த மடல் அவர்களைப் பற்றியது, எழுதப்படுவது உங்களுக்கு. நேரே ஒட்டாவாவுக்கு எழுதலாமே என்று கேட்பீர்கள். ஒட்டாவாவுக்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கே எண்ணிப் பார்ப்பது வாக்குகளை. அந்தப் பிள்ளைகளிடம் வாக்கு கிடையாது, உங்களிடம் இருக்கிறது.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய விதிகளை நம்பி, 2024 நவம்பருக்கு முன் படிக்க வந்து, படிப்பை முடித்து, வேலையில் இருக்கும் பட்டதாரிகளுக்கு ஒரே ஒரு தடவை, இரண்டு ஆண்டுக்கு, பெர்மிட்டை நீட்டிக்க வேண்டும். அதுவும் எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். அதற்கு உங்கள் குரல் வேண்டும்.

பெர்மிட் என்று இங்கே சொல்வது, தகுதி பெற்ற கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவருக்குக் கனடா தரும் வேலை அனுமதியை. 2008இல் அதன் உச்ச காலம் மூன்று ஆண்டாக்கப்பட்டது. எட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் முடியும் படிப்பென்றால், படித்த காலம் எவ்வளவோ அவ்வளவு. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்றால் மூன்று ஆண்டு. 2024 பெப்ரவரியிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்தாலும் மூன்று ஆண்டு கிடைக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவைதான் தருவார்கள், புதுப்பிக்க வழியில்லை.

எழுத்தில் இருப்பது அது. நடந்தது வேறு. கொரோனாவில் வேலைகள் போனபோது, 2021 ஜனவரியில் அன்றைய குடிவரவு அமைச்சர் மார்கோ மென்டிசினோ, பெர்மிட் முடிந்தவர்களுக்கும் முடியப்போகிறவர்களுக்கும் 18 மாத நீட்டிப்பு அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம், ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவர்களை நிரந்தரமாக்க 90,000 இடங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் 40,000 இடங்கள் பட்டதாரிகளுக்கு. ஏறக்குறைய ஒரே நாளில் அவை நிரம்பிவிட்டன. 2022இல் ஷான் ஃபிரேசர் இரண்டாவது நீட்டிப்பைக் கொடுத்தார். 2023 மார்ச்சில் மூன்றாவது நீட்டிப்பும் வந்தது. மூன்று ஆண்டில் மூன்று தடவை கதவு திறந்ததைப் பார்த்த ஒருவர் நான்காவது தடவையும் திறக்கும் என்று எதிர்பார்த்ததில் பிழை சொல்ல முடியுமா? ஊரில் இருக்கும் ஏஜெண்டுகள் அதைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள் என்பது வேறு கதை.

2023 டிசம்பரில் அமைச்சர் மார்க் மில்லர் இனி நீட்டிப்பு இல்லை என்றார். அடுத்த பத்து மாதத்தில் எல்லாம் மாறியது. 2024 ஜனவரியில் படிப்பு அனுமதிகளுக்கு உச்ச வரம்பு வந்தது. படிக்க வருகிறவர் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்ந்தது. இந்திய ரூபாயில் அது 12 லட்சத்துக்கு மேல், கல்லூரிக் கட்டணம் தனி. நவம்பர் முதலாம் தேதியிலிருந்து பெர்மிட் கேட்பவர்கள் மொழித் தேர்வும் எழுத வேண்டும் என்றானது. அந்தத் தேதிக்குப் பிறகு விண்ணப்பித்து வரும் கல்லூரி மாணவர்களுக்கு, படித்த துறை அரசாங்கத்தின் பட்டியலில் இருந்தால்தான் பெர்மிட். அக்டோபரில் வந்த அறிவிப்புத்தான் பெரிய அடி. 2025இல் 500,000 பேரை நிரந்தர வதிவாளர்களாக ஏற்பதாக இருந்த திட்டம் 395,000 ஆகவும், 2026க்கு 380,000 ஆகவும், 2027க்கு 365,000 ஆகவும் வெட்டப்பட்டது.

வரிசையில் நிற்பவர்கள் அப்படியே நிற்க, வாசலை மட்டும் ஒடுக்கிவிட்டார்கள்.

அந்த வரிசை எப்படி நகர்கிறது என்பது பழைய முறையில் வந்தவர்கள் பலருக்குத் தெரியாது. ‘படிச்சிட்டு வேலை செய்தால் பி.ஆர். குடுத்துடுவான்தானே’ என்று நிரந்தர வதிவிடம் பற்றிக் கலியாண வீட்டில் சொல்கிறவர்கள் அதிகம். உண்மையில் வயது, படிப்பு, மொழி, வேலை இவற்றுக்குப் புள்ளி போட்டு, சுற்றுச் சுற்றாக, வெட்டுப்புள்ளியை எட்டியவர்களை மட்டும் விண்ணப்பிக்க அழைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 29 வயது, மணமாகாதவர், தமிழ்நாட்டில் நான்கு ஆண்டு பொறியியல், ஒன்ராறியோவில் இரண்டு ஆண்டு டிப்ளோமா, ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் கனடிய மொழி அளவுகோலான சி.எல்.பி.யில் 9, கனடாவில் ஓராண்டு வேலை அனுபவம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயதுக்கு 110 புள்ளி. படிப்புக்கு 128. ஆங்கிலத்துக்கு 124. கனடிய வேலைக்கு 40. படிப்பும் மொழியும் சேர்ந்ததற்கு 50. கனடாவில் படித்ததற்கு 15. மொத்தம் 467.

கனடிய வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான வகுப்பில், 2021 பெப்ரவரி 13 அன்று நடந்த சுற்றில் 75 புள்ளி இருந்தவர்களுக்கெல்லாம் அழைப்புப் போனது, ஒரே நாளில் 27,332 பேருக்கு. 2025இல் அதே வகுப்புக்கான சுற்றுகளில் வெட்டுப்புள்ளி 515க்கும் 550க்கும் இடையே ஆடியது. நம் பொறியியல் பட்டதாரி எட்டவே மாட்டார். இன்னும் இரண்டு ஆண்டு வேலை செய்தால்? அனுபவத்துக்கு 40 இருந்த இடத்தில் 64 கிடைக்கும். 24 புள்ளி லாபம். ஆனால் அதற்குள் அவருக்கு 31 வயதாகிவிடும், வயதுக்கான 110 புள்ளி 99 ஆகிவிடும். மிஞ்சுவது 480. முப்பதைத் தொட்ட நாளிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தோ ஆறோ புள்ளி கழிகிறது. கேக் வெட்டுகிற நாளில் கணினியைத் திறந்து புள்ளி குறைந்ததைப் பார்க்கிற தலைமுறை இது.

வேலை என்றால் எந்த வேலையும் கணக்கில் வராது. டிம் ஹோர்ட்டன்ஸ் கவுண்டரில் கோப்பி ஊற்றித் தருவது சேராது. அதே கடையில் ‘சூப்பர்வைசர்’ என்று கடிதம் இருந்தால் சேரும். அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு ஏறும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படிக்கும் காலத்தில் செய்த வேலையும் இந்த வகுப்பில் சேராது. அதனால் படிப்பு முடிந்து, ஏற்ற வேலை தேடி, அதில் ஓராண்டு ஓட்டி முடிக்கும்போது பெர்மிட்டில் பாதி கரைந்திருக்கும். தப்பிக்க ஒரு குறுக்கு வழியாகப் பிரெஞ்சு இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றுகளில் 400ஐ ஒட்டிய புள்ளிகளே போதுமாயின. எனவே இரவு வேலை முடிந்து வந்து, நிலக்கீழில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வினைச்சொல் மனப்பாடம் செய்கிறார்கள். மேலே தூங்கும் வீட்டுக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாக.

பெர்மிட் முடிந்தால் என்ன ஆகும்? பார்வையாளராகத் தங்க விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. மறுபடி படிக்கச் சேரலாம். மறுபடி கட்டணம், மறுபடி கணக்கில் பணம், ஆனால் இரண்டாவது பெர்மிட் கிடையாது. நாட்டை விட்டுப் போகலாம். பலர் போகிறார்கள், கடனோடு.

மிச்சமிருப்பது எல்.எம்.ஐ.ஏ. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசாங்கத்திடம் காட்டி வாங்கும் கடிதம் அது. அரசாங்கக் கட்டணம் 1,000 டொலர். அதை முதலாளியே கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்குவது சட்டப்படி குற்றம். நடைமுறையில் அந்தக் கடிதம் பல பத்தாயிரம் டொலருக்கு விலைபோவதைக் கனடியச் செய்தி நிறுவனங்கள் பலமுறை வெளியில் கொண்டுவந்துவிட்டன. இதற்காகவே வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்று அரசாங்கம் முற்றாக எடுத்துவிட்டது. வேலையின்மை 6 விழுக்காட்டை எட்டிய பெருநகரங்களில் பெரும்பாலான குறைந்த சம்பள வேலைகளுக்கு எல்.எம்.ஐ.ஏ. கொடுப்பதையும் 2024 செப்டம்பரோடு நிறுத்தியது. ரொறன்ரோ அதற்குள் அடங்கும். சந்தை சுருங்கினால் கள்ளச்சந்தையில் விலை ஏறும் என்பது மளிகைக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு.

கள்ளச்சந்தையில் விற்பவர்கள் யாரோ அந்நியர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்மவர்களும் இருக்கிறார்கள். கையில் காசாகக் குறைந்த சம்பளம் கொடுத்துச் சமையலறையில் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஊர்ப் பிள்ளைக்கு உதவி செய்கிறேன்’ என்ற பேச்சோடுதான் அது நடக்கிறது. திறந்த பெர்மிட்டின் பெறுமதி இங்கேதான் தெரியும். முதலாளி சம்பளத்தைப் பிடித்துவைத்தால், அடுத்த நாள் வேறு கடைக்குப் போகலாம். எல்.எம்.ஐ.ஏ.யில் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டவரால் அது முடியாது. நீட்டிப்பு வேண்டும் என்பதற்கு வேறு காரணமே இல்லாமல் போனாலும் இது ஒன்று போதும்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 2024 மே மாதம் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், சார்லட்டவுன் நகரில், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த பட்டதாரிகள் போராட்டத்தில் இறங்கி, உண்ணாவிரதமும் இருந்தார்கள். மாகாண அரசு நிரந்தர வதிவிடத்துக்கு நியமிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, கடை வேலையிலும் உணவுத் துறையிலும் இருந்தவர்களைப் பின்னுக்குத் தள்ளியதுதான் காரணம். வரும்போது இருந்த விதி வேறு, இருக்கும்போது வந்த விதி வேறு என்பதே அவர்களின் வாதம். ஆகஸ்ட் கடைசியில் பிராம்ப்டனில், குயின் வீதியோரம் கூடாரம் அடித்து இரவு பகலாக உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் நடந்தது. பஞ்சாபிப் பிள்ளைகளே அதில் பெரும்பான்மை. நம் கோயில்களில் ஒன்றிலிருந்தேனும் ஒரு சட்டி சோறு போயிருக்கலாம்.

போராடினால் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. அதே 2024இல் மனிற்றோபா மாகாண அரசு தன் பட்டதாரிகளுக்காக ஒட்டாவாவிடம் கேட்டது. அந்த ஆண்டில் பெர்மிட் முடியவிருந்த, மாகாண நியமனத்துக்காகக் காத்திருந்த சுமார் 6,700 பேருக்கு இரண்டு ஆண்டு வரை திறந்த அனுமதி நீட்டிக்கப்பட்டது. மூன்று முறை தந்தோம், இனி இல்லை என்று சொன்ன அதே அமைச்சர்தான் அதற்கும் ஒப்புக்கொண்டார். கேட்ட இடத்தில் ஒரு மாகாண அரசு இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஒன்ராறியோ கேட்கவில்லை.

ஒன்ராறியோ கேட்கக் கடமைப்பட்ட மாகாணம். 2019இல் இங்கே உள்நாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து, அதன் பிறகு உயர்த்தவிடாமல் வைத்தார்கள். கல்லூரிகளுக்கு விழுந்த பள்ளத்தை நிரப்பியது யார்? 2021 டிசம்பரில் மாகாணத் தலைமைக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: 2020-21இல் அரசுக் கல்லூரிகளின் கட்டண வருவாயில் 68 விழுக்காடு வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து வந்தது. அந்த மாணவர்களில் 62 விழுக்காட்டினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2024-25இல் கனடா முழுவதும் இளநிலைப் பட்டப் படிப்புக்கு உள்ளூர் மாணவரின் சராசரி ஆண்டுக் கட்டணம் 7,000 டொலரைச் சற்றுத் தாண்டியது. வெளிநாட்டு மாணவருக்கு அது 40,000 டொலருக்கும் மேல். உங்கள் மகளின் செமஸ்டர் கட்டணம் ஏறாமல் இருந்ததற்குப் பின்னால் தஞ்சாவூரில் அடகு வைத்த நிலமும் உண்டு. வரம்பு வந்ததும் என்ன ஆனது என்பதை மார்க்கத்தில் இருப்பவர்கள் பார்த்தீர்கள். 2024 இலையுதிர் காலத்தில் செனகா தன் மார்க்கம் வளாகத்தைத் தற்காலிகமாக மூடியது. ஷெரிடன் கல்லூரி 40 படிப்புகளை நிறுத்தப்போவதாகச் சொன்னது. வேலை போனவர்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் இருந்தார்கள், அவர்கள் குடியுரிமை பெற்ற கனடியர்கள்.

மறுபக்க நியாயமும் இருக்கிறது. வீட்டு வாடகை தாறுமாறாக ஏறியது. 2025இல் இளைஞர் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் கோடை விடுமுறை வேலைக்கு இருபது இடத்தில் படிவம் போட்டுப் பதில் வராமல் இருந்தார்கள். 2023 கடைசியில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். எந்த நாடும் அந்த வேகத்தில் வீடு கட்டாது. முன்பு கொடுத்த மூன்று நீட்டிப்புகளும் வரிசையை நீளமாக்கினவே தவிர, உள்ளே போகும் இடங்களை அதற்கேற்பக் கூட்டவில்லை என்பதும் உண்மை. காலம் மட்டும் கொடுத்து இடம் கொடுக்காமல் விட்டால், இரண்டு ஆண்டு கழித்து இதே மடலை மறுபடி எழுத வேண்டிவரும்.

ஆனால் அந்த அழுத்தத்தைக் குறைக்கும் வேலை வாசலில் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2026க்கான புதிய மாணவர் இலக்கு 155,000 மட்டும். முந்தைய ஆண்டுத் திட்டத்தில் பாதி. ஏற்கெனவே இங்கே இருப்பவருக்கு நீட்டிப்புக் கொடுப்பதால் நாட்டுக்குள் ஓர் ஆளும் கூடுதலாக வரப்போவதில்லை. அவர் அதே நிலக்கீழில்தான் இருப்பார், அதே வாடகைதான் கொடுப்பார். 2025 நவம்பரில் வெளியான குடிவரவுத் திட்டம், அடுத்த இரண்டு ஆண்டில் 33,000 வரையான வேலை அனுமதிக்காரர்களை நிரந்தர வதிவாளர்களாக்கப் போவதாகச் சொல்கிறது. நல்லது. அந்தத் திட்டத்தின் முறை வருவதற்குள் பெர்மிட் முடிந்து வெளியேறியவருக்கு அதனால் என்ன பயன்?

கனடா மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் குறிப்பிட்ட துறைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கொடுத்து, மறு ஆண்டே அதை எடுத்துவிட்டது. பெரும்பாலானோருக்கு வயது வரம்பையும் 50இலிருந்து 35க்கு இறக்கியது. பிரிட்டன் இரண்டு ஆண்டு அனுமதியை 2027 முதல் 18 மாதமாக்குகிறது. ஊரில் இருந்து இன்னும் கிளம்பாத பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். கிளம்பி வந்து, படித்து, பணம் கட்டி முடித்தவர்களுக்கு அந்தத் தெரிவு இல்லை.

உங்களில் பலர் சொல்வது வேறொன்று. ‘இவங்கள் படிக்க வரேல்ல, பின்கதவால வர வந்தவங்கள்.’ தேநீர்க் கடையில், வானொலி நேரடி நிகழ்ச்சியில், முகநூலில், எங்கும் கேட்கிறது. இதைச் சொல்ல உலகத்தில் யாருக்கு உரிமை இருந்தாலும், நமக்கு இருக்கிறதா?

1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், சென்ற் மேரீஸ் குடாவுக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்தார்கள். கஸ் டால்ரன் என்ற மீனவக் கப்டன் கண்டு காப்பாற்றினார். கரையேறியவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். சில நாளில் அது பொய் என்றானது. கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில், அங்கே அவர்களுக்கு உயிராபத்து இல்லை. பொய்யர்கள், வரிசை தாண்டி வந்தவர்கள் என்று கனடா கொதித்தது. இன்று மாணவர்களைப் பற்றி எழுதப்படுவதில் அன்று நம்மைப் பற்றி எழுதப்படாத சொல் ஒன்றைக் காட்ட முடியாது. பிரதமர் பிரயன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஓராண்டுக்கான அமைச்சர் அனுமதி, வேலை செய்யும் உரிமையோடு. ஒரு தற்காலிக பெர்மிட். அதைப் பிடித்துக்கொண்டுதான் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் உணவகச் சமையலறைகளில் ஏறினார்கள். 2016இல், 30 ஆண்டு நிறைவுக்கு, அவர்களில் சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் டால்ரனுக்கு நன்றி சொன்னார்கள்.

அவர்களோடு முடியவில்லை. 1989இல் புதிய அகதிச் சபை தொடங்கியபோது, அதற்கு முன் கோரிக்கை வைத்துத் தேங்கிக் கிடந்தவர்கள் 80,000க்கும் மேல். அவர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்து ஆண்டுக்கணக்கில் தீர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டு அலமாரியில், குடியுரிமைச் சான்றிதழுக்குக் கீழே, மஞ்சளேறிய பழைய வேலை அனுமதித் தாள் ஒன்று இருக்கலாம். தேதி முடிய முடியப் புதுப்பித்த தாள். 2010இல் சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது அதே வசைகள் திரும்பின. அப்போது தெருவில் இறங்கி அவர்களுக்காகப் பேசியவர்கள் நீங்கள்தான்.

போரிலிருந்து தப்பி வந்தவரும் படிக்க வந்தவரும் ஒன்றா என்ற கேள்வி நியாயமானது. ஒன்றல்ல. உயிருக்குத் தஞ்சம் கேட்பவருக்கு இருக்கும் உரிமை பட்டதாரிக்கு இல்லை. அதனால்தான் இங்கே கேட்பது தஞ்சமும் அல்ல, பி.ஆர்.உம் அல்ல. சொன்ன விதிப்படி நடந்தவருக்கு, விதி மாறியதால் போன காலத்தைத் திருப்பித் தருவது மட்டும். அதைக் கொடுக்காவிட்டால் இரண்டு வரிசைகளும் கலந்துவிடும். மாணவராக வந்தவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் 2024இல் அகதிக் கோரிக்கை வைத்தார்கள். அவர்களில் உண்மையான ஆபத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், வேறு வழி தெரியாமல் அந்த வழியில் தள்ளப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதன் எதிர்வினையாக 2025 ஜூனில் வந்த மசோதா, நாட்டுக்குள் வந்து ஓராண்டு கழிந்து கோரிக்கை வைப்பவர்களை அகதிச் சபையின் முன் போகவிடாமல் தடுக்க முனைந்தது. அதை அவையில் முன்வைத்தவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி. 1983இல் கனடாவுக்கு அகதிச் சிறுவனாக வந்தவர், உங்கள் வாக்குகளில் வென்றவர். பட்டதாரிகளின் வாசலை அடைத்தால் நெருக்கடி அகதிகளின் வாசலில் ஏறுகிறது. நாளை வன்னியிலிருந்து வரும் ஒருவர் அதற்கு விலை கொடுப்பார்.

அமைச்சரவையில் ஆனந்தசங்கரி இருக்கிறார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அனிதா ஆனந்த் வெளிவிவகாரத்தில் இருக்கிறார். பிக்கரிங்-புரூக்ளின் தொகுதியில் யுவனிதா நாதன் 2025 ஏப்ரலில் வென்றிருக்கிறார். தைப்பொங்கலுக்கும் தமிழ் மரபுத் திங்களுக்கும் இவர்களோடு படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த தடவை படம் எடுக்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் கேட்கலாம்: மனிற்றோபாவுக்குக் கொடுத்ததை ஒன்ராறியோவுக்கு ஏன் கொடுக்க முடியாது? மாகாண சபை உறுப்பினர்களிடமும் கேளுங்கள். கேட்க வேண்டிய மனு அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

கேள்வியோடு நிறுத்தாமல் தாளிலும் வைக்கலாம். கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குக் காகித மனு கொடுக்க 25 கையெழுத்துப் போதும். இணைய மனுவென்றால், முதலில் ஐந்து ஆதரவாளர்களும் அனுசரணை தரும் ஓர் உறுப்பினரும், பிறகு 500 கையெழுத்தும் வேண்டும். முறைப்படி தாக்கலானால் அரசாங்கம் 45 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்திடக் குடியுரிமை கட்டாயமல்ல, கனடாவில் வசித்தால் போதும். எனவே நிலக்கீழில் இருப்பவர்களும் போடலாம். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது அஞ்சல் குறியீட்டைக் கேட்பார்கள், இந்தத் தொகுதியின் வாக்காளரா என்று பார்ப்பார்கள். அந்த அழைப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு கோயில், ஒரு ஊர்ச் சங்கம், ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடல் போதும், 500 பெயர் ஒரே மாலையில் சேர்ந்துவிடும்.

அதோடு, நிலக்கீழில் இருக்கும் பிள்ளையிடம் பெர்மிட் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுவையுங்கள். முடியும் தேதிக்கு முன் விண்ணப்பம் ஏதாவது போட்டால்தான், முடிவு வரும்வரை சட்டப்படி தங்க முடியும். ஒரு நாள் தவறினால் நிலையை மீட்கக் கிடைப்பது 90 நாள், அந்த நாட்களில் வேலை செய்யவும் முடியாது.